பல்லுக்குக் கோடு எதற்கு?

ஆரணியிலிருந்து ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். கடிதத்தோடு பேரன் வரைந்த படமும் நாலாக மடித்து வந்தது. சிரிக்கிற பையன். வாய்க்குள் வெள்ளையாக ஒரு பட்டை, அவ்வளவுதான். பக்கத்தில் சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருக்கிறார்: “பற்கள் எங்கே?” பேரனோ, “டிவியில அப்படித்தானே பாட்டி இருக்கு” என்கிறானாம். ரெண்டாம் வகுப்பு. பஞ்சாயத்து என்னிடம் வந்திருக்கிறது.

எட்டாம் வகுப்பில் நானும் இந்த வழக்கில் மாட்டியவன். சித்தப்பாவின் கல்யாண போட்டோவைப் பார்த்துப் பென்சிலில் வரைந்தேன். பல் பல்லாகப் பிரித்து, நடுவில் அழுத்தமாகக் கோடு. சித்தப்பா பார்த்துவிட்டு, “ஏன்டா, நான் யாரையாவது கடிக்கப் போறேனா?” என்றார். எதிர்வீட்டில் சினிமா பேனர் வரைகிற ஒருவர் குடியிருந்தார். ரப்பரை வாங்கி அத்தனை கோட்டையும் அழித்தார். வாயின் இரு ஓரத்திலும் விரலால் லேசாக நிழல் தேய்த்தார். சித்தப்பா சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நிஜத்தில் கோடு ஏது? நூலிழை நிழல்தான் இருக்கிறது. கார்ட்டூனிலோ மூக்குக்கும் பல் சந்துக்கும் ஒரே கறுப்புக் கோடு. ஏழெட்டுக் கோடு வாய்க்குள் வந்து நின்றால் பார்க்கிறவர் கண் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும். சிரிப்பு உறுமலாகிவிடும்.

படம் அசைய வேண்டுமென்றால் சிக்கல் இன்னும் பெரிது. சினிமாவில் விநாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தாலும் விநாடிக்கு 12 படம், நிமிடத்துக்கு 720. தெரிகிற பல் எட்டு என்றால் நடுவே ஏழு கோடு. ஒரு நிமிடப் பேச்சை முழுக்கக் கையால் வரைந்தால் பல்லுக்கு மட்டும் 5,040 கோடு! அதில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் திரையில் பல்வரிசை புழுப்போல நெளியும். அந்தக் காலத்து டிஸ்னி ஸ்டூடியோவில் ஒவ்வொரு படத்தையும் செல்லுலாய்டு தாளில் மையால் பிரதி எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்களுக்கு இடம் கொடுக்காதவர்கள், பல் கோடுகளையாவது மிச்சப்படுத்தினார்கள்.

ஆக, பல் பட்டையானது. இல்லையென்றால் இரண்டாகக் குறைந்தது. பக்ஸ் பன்னிக்கு இரண்டு பல், ஸ்பாஞ்ச்பாபுக்கும் இரண்டே. நிஜ முயலுக்கு மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு குட்டி ஜோடி ஒளிந்திருக்கிறது. அதை யார் கேட்டார்கள்? வாத்துக்குப் பல்லே கிடையாது. ஆனால் டொனால்ட் டக்குக்குக் கோபம் வந்தால் அலகுக்குள் ஒரு வரிசை முளைத்துவிடும்.

பேசும்போது பல்லுக்குத் தவறாமல் வேலை வருகிற இடம் ஒன்று உண்டு. பிரெஸ்டன் பிளேர் என்ற அனிமேட்டர் தன் பாடப் புத்தகத்தில் எந்த ஒலிக்கு வாய் எப்படி இருக்க வேண்டும் என்று வரிசையாக வரைந்து காட்டினார். ஆங்கில எஃப், வி ஒலிகளுக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். நமக்கு இது புதிதல்ல. வகரம் பிறக்கும் இடம் பல்லும் இதழும் என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது; நன்னூல் மேற்பல் என்றே குறிப்பிடுகிறது. கண்ணாடி முன் நின்று “வா” சொல்லிப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த விநோதம் டாம் அண்ட் ஜெர்ரியில் இருக்கிறது. டாமின் பல் நன்றாக இருக்கும்வரை பெரும்பாலும் ஒரே வெள்ளைப் பட்டைதான். இரும்புச் சட்டியில் முகம் மோதியதும் ஒரு நொடி அமைதி. பிறகு பட்டையில் விரிசல் ஓடும். ஒவ்வொன்றாக, பீங்கான் தட்டு உடைவதுபோலக் கொட்டும். அப்போதுதான் அவை தனித்தனிப் பல்லாகின்றன! கார்ட்டூன் மொழியில் வாய்க்குள் கோடு விழுந்தால் அது விரிசல் என்று பொருள். விதிவிலக்கும் உண்டு. 1928இல் வந்த ‘ஸ்டீம்போட் வில்லி’யில் மிக்கி ஒரு பசுவின் வாயைத் திறந்து பற்களைக் குச்சியால் தட்டி இசைக்கும். அங்கே பல் தனித்தனியாகத் தெரிந்தே ஆக வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம்.

இந்த இலக்கணத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2019இல் உலகமே பார்த்தது. ‘சானிக்’ பட டிரெய்லரில் நீல முள்ளெலிக்கு மனிதனைப் போலப் பல்வரிசை வைத்திருந்தார்கள். ரசிகர்கள் அலறினார்கள். உருவத்தையே மாற்றி வரைய வேண்டி வந்தது. நவம்பரில் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

அவர்களாவது திருத்திக்கொண்டார்கள். இப்போது குழந்தைகள் கையில் கொடுக்கிற போனில் ஓடும் பாட்டு வீடியோக்களைப் பாருங்கள். தொட்டில் குழந்தைக்குப் பெரியவர்களின் பல்செட்! கம்ப்யூட்டரில் பல் வைப்பது சுலபம் என்பதற்காக வைத்துவிடுகிறார்கள். எதை வரையாமல் விடுவது என்று யோசிக்க ஆள் இல்லை. பள்ளியிலும் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார்; திருப்பித் தருவதில்லை.

பாட்டிக்குத் தீர்ப்பு: பேரன் வரைந்தது சரி. அறிவியல் நோட்டில் வரையும்போது டீச்சர் தாராளமாக எண்ணிப் பார்க்கட்டும். பெரியவர்களுக்கு 32, பால்பல் என்றால் 20. டிராயிங் நோட்டில் அந்தக் கணக்கு வேண்டாம். கடிதத்தோடு பேரனின் போட்டோவும் வைத்திருந்தீர்கள். வாய்கொள்ளாத சிரிப்பு. அவனுக்கே மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை.