வண்டிக்கு வண்ணம் பூசுமுன் வீட்டாரை எண்ணுங்கள்

கடலோர ஊர்களில் வண்டி வைத்திருப்போர்க்கு உப்புக் காற்று ஓயாத பகை. காரைக்காலில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அதனுடன் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டியதில்லை. சக்கர மூடி மங்குகிறது; திருகாணி ஓரங்களில் துரு தலைகாட்டுகிறது. வெயிலோ பம்பரையும் பக்கக் கண்ணாடிக் கூட்டையும் வெளுக்கச் செய்கிறது.

இத்தகைய சிறு உறுப்புகளைக் கழற்றி, ஒரு சிறிய கம்பிரசரும் ஸ்பிரே துப்பாக்கியும் கொண்டு வீட்டிலேயே வண்ணம் பூசிக்கொள்ளும் வழக்கம் பரவியுள்ளது. சபுராளிகள் சிலர் அயல்நாட்டில் கற்ற கைத்தொழிலை விடுமுறையில் வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்கின்றனர். சிக்கனமும் உழைப்பும் பாராட்டத்தக்கவையே. எனினும் இப்பணியில் எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மருத்துவர் தந்த கருவி

அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தை நுண்துளிகளாகத் தெளிப்பதற்கு ஒரு கருவியை அமைத்தார். 1888இல் அதற்கென ஒரு நிறுவனமும் தொடங்கினார். அவருடைய மகன் தாமஸ் 1907இல் அதே தத்துவத்தைக் கொண்டு வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியை உருவாக்கினார். மருந்தைச் சுவாசப் பாதைக்குள் செலுத்த உதவிய அந்த நுண்துளி, வண்ணத்தையும் அதே வழியில் உள்ளே கொண்டு சேர்க்க வல்லது என்பதை மறத்தலாகாது.

வீட்டில் செய்யத்தக்கவை

பூச்சின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது அதற்கு முந்தைய தயாரிப்பே. உறுப்பைச் சோப்பு நீரால் கழுவி, உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்கியபின் காயவையுங்கள். பிறகு உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேயுங்கள். 400ஆம் எண்ணில் தொடங்கி 800 வரை செல்லலாம். பழைய வண்ணத்தில் காரீயம் கலந்திருக்கக்கூடும். நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 90 பிபிஎம் காரீய வரம்பு, வீட்டு வண்ணங்களுக்கும் அலங்கார வண்ணங்களுக்கும் உரியது. மோட்டார் வண்ணங்களுக்கு அன்று.

பிளாஸ்டிக் உறுப்பின் உட்புறத்தில் அதன் வகை பொறிக்கப்பட்டிருக்கும். 'பிபி' என்றிருந்தால் வண்ணம் எளிதில் ஒட்டாது. அதற்குரிய பிளாஸ்டிக் பிரைமரை முதலில் பூசவேண்டும்.

தெளிக்கும்போது துப்பாக்கியை 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில், உறுப்புக்கு இணையாக நகர்த்துங்கள். ஒவ்வோர் ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூடவேண்டும். ஒரே கனமான பூச்சு வழிந்துவிடும். மெல்லிய மூன்று பூச்சுகளே நன்று.

வானிலையும் பார்க்கவேண்டும். தின்னர் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பின் அது அங்கே படிந்து, வண்ணம் வெண்மையாகப் பூத்துவிடும். ஆகவே மழைக்காலத்தைத் தவிர்த்து, பனி விலகிய பின்பும் கடற்காற்று எழுமுன்னும் உள்ள முற்பகலைத் தேர்ந்தெடுங்கள். கம்பிரசரின் தொட்டியில் தேங்கும் நீரையும் வடித்துவிடுங்கள்.

அடுப்பங்கரை எச்சரிக்கை

பல தின்னர்களில் டொலுயீன் கலந்துள்ளது. அது 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடும். நம் ஊரின் வெப்பத்தில் அந்த அபாயம் எந்நாளும் உண்டு. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தொலைவிலுள்ள அடுப்பை எட்டிப் பற்றிக்கொள்ளும். ஃப்ரிட்ஜின் சுவிட்சில் எழும் பொறியே அதற்குப் போதும். எனவே அறைக்குள்ளும் மூடிய முற்றத்திலும் தெளிப்பது கூடாது. திறந்த வெளியில், அடுப்பு அணைந்திருக்கும் வேளையில் மட்டுமே செய்க.

வீட்டில் கூடாத ஒன்று

கடையில் இரு டப்பாக்களாகத் தரும் பளபளப்புப் பூச்சு ஒன்றுண்டு. ஒன்றில் பூச்சு, மற்றொன்றில் ஹார்டனர். இந்த ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் வகைப் பொருள் உள்ளது. 1984இல் போபாலில் உயிர்களைப் பறித்த வாயுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஹார்டனரில் உள்ளது அவ்வளவு எளிதில் ஆவியாவதன்று. ஆனால் துப்பாக்கி அதை நுண்துளியாக்கிக் காற்றில் கலந்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத அந்த மூட்டம் தெளிப்பு நின்ற பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கும். தீங்கு செய்யும் அளவை அடைந்த பின்னும் மூக்கு அதனை உணராதிருக்கலாம். அதனால் ஒருவருக்கு ஆஸ்துமா ஏற்பட்டுவிட்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். பிரிட்டனின் தொழிற்பாதுகாப்புத் துறை, கார்களுக்கு வண்ணம் தெளிப்போர்க்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு ஏனைய தொழிலாளரைவிட 80 மடங்கு அதிகம் எனக் கூறியுள்ளது. துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வதால் பயனில்லை. தூய காற்றைக் குழாய்வழி செலுத்தும் முகக்கவசமும் தனித் தெளிப்பறையும் இதற்குத் தேவை.

ஆகவே ஹார்டனர் கலக்கும் பூச்சை, அத்தகைய வசதியுள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள். தேய்த்தல், கழுவுதல் போன்ற பணிகளை வீட்டில் முடித்துக் கொடுத்தால் கூலியும் குறையும். வீட்டிலேயே முடிக்க விரும்பினால், ஹார்டனர் தேவைப்படாத ஒற்றை டப்பா லாக்கர் வண்ணம் போதும். பளபளப்பு சற்றுக் குறையும். பெட்ரோல் பட்டால் கரையவும் கூடும். ஆயினும் சக்கர மூடிக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் அது தாராளம். அதற்கும் கையுறையும், கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசமும் அணிக. குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும், இழுப்பு நோயுள்ள பெரியவர்களையும் அன்று அருகே வரவிடாதீர்கள்.

பட்டறையில் உறுப்பைக் கொடுக்கும்போது, தெளிப்பவர்க்கு முகக்கவசம் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே தொழில் பழகும் இளைஞனும் ஒரு வீட்டின் பிள்ளையே.