இளைப்பும் இறைப்பும்

"உனக்கு ஆஸ்துமா" என்று மருத்துவர் சொன்னதும் மனத்தில் எழும் முதல் கேள்வி, அடுத்த இளைப்பு எப்போது வரும் என்பதுதான். தேர்வு நாளிலா? ஓட்டப்பந்தயத்திலா? நள்ளிரவிலா? தேதி குறித்துச் சொல்ல யாராலும் இயலாது. நோயைவிட இந்த நிச்சயமின்மையே நம்மை அதிகம் வாட்டும்.

நெய்வேலி நகரியத்து மாணவர்களுக்கு இத்தகைய சிக்கல் ஒன்று பழக்கமானதே. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள மணற்படுகையில் நீர் அடைபட்டுக் கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை அது மேல்நோக்கி அழுத்துகிறது. மேல்மண்ணை அகற்றினால் பாரம் குறைந்து, நீர் தரையைப் பிளந்து பீறிடும். ஆகவே 1961 முதல், சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள், நீர்மட்டத்தையும் அளக்கிறார்கள். தரை உலர்ந்திருக்கிறதே என்று யாரும் பம்பை நிறுத்துவதில்லை. பம்பு ஓடுவதால்தானே தரை உலர்ந்திருக்கிறது!

ஆஸ்துமாவிலும் இப்படித்தான். இளைப்பு இல்லாத நாளிலும் மூச்சுக் குழல்களின் உட்சுவரில் சிறிது வீக்கம் இருக்கலாம். புகை, தூசி, சளிக்காய்ச்சல், மார்கழிக் குளிர் ஏதேனும் பட்டால் குழல் மேலும் சுருங்கும். சீராகப் பாயும் காற்றுக்கு, குழாயின் ஆரம் பாதியானால் தடை இரு மடங்கல்ல, 16 மடங்காகிறது! இளைப்பு திடீரென முற்றுவது இதனால்தான். மருந்தால் குழல் சற்றே விரிந்தாலும் பெரிய நிம்மதி கிடைப்பதும் இதே விதிப்படிதான்.

இன்ஹேலர் மருந்துகளில் ஒருவகை, சுருங்கிய குழலைச் சில நிமிடங்களில் விரிக்கும். மற்றது நாள்தோறும் வீக்கத்தைத் தணிக்கும். அதுதான் நம் பம்பு. உடம்பு தேறியதும் பலர் நிறுத்திவிடுவது இதைத்தான்! "பழகிவிட்டால் விடாது" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அப்படியொன்றும் இல்லை. மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கில்தான். அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்தால் போதும்.

நீர்மட்டத்தை அளப்பதுபோல் மூச்சையும் அளக்கலாம். நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோயை ஆராய, பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஓர் ஆய்வுப் பிரிவு இருந்தது. அங்கு பணிபுரிந்த மார்ட்டின் ரைட், ஊதும் காற்றின் உச்ச வேகத்தைக் காட்டும் கருவியை 1959இல் வெளியிட்டார். இன்று அது கைக்கடக்கமான பிளாஸ்டிக் குழாய். நின்றபடி மூச்சை நிறைய இழுத்து, ஒரே வீச்சில் ஊதுங்கள். மூன்று முறை ஊதி, உயர்ந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் வாரங்களில் கிடைக்கும் உங்கள் சிறந்த எண்ணே அளவுகோல். அடுத்தவர் எண் அல்ல. அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வழக்கம்போல் விளையாடலாம். 50க்கும் 80க்கும் இடையே என்றால் மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி மருந்தை மாற்ற வேண்டும். 50க்குக் கீழே போனால் விரிக்கும் மருந்தை இழுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை! ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் கருவியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்ஹேலர் பையின் எந்த அறையில் இருக்கிறது என்பதை விளையாட்டு ஆசிரியரிடமும் பக்கத்து இருக்கை நண்பனிடமும் நாளைக்கே சொல்லி வையுங்கள்.