மொகிலிக் கணவாயும் விளையாட்டுத் தேசப்படமும்

சித்தூரிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் சாலை மொகிலிக் கணவாயின் வழியே ஏறிப் பலமனேரை அடைகிறது. சித்தூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலும், பலமனேர் ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. 1791-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வேலூரில் படை திரட்டிய காரன்வாலிஸ், ஆம்பூர் வழியாக வருவதுபோல் பாவனை காட்டித் திப்பு சுல்தானை அப்பக்கம் எதிர்பார்க்கச் செய்துவிட்டு, இக்கணவாயில் ஏறிப் பலமனேரை அடைந்தார். மார்ச்சு 21-இல் பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது.

இத்தகைய போர்களைக் கணிப்பொறியில் ஆடும் யுத்ததந்திர விளையாட்டுகள் பல உள. அவற்றை ஆடுவோர் தாமே திருத்தியமைக்கும் மாற்றுப் பதிப்பு 'மாட்' எனப்படும். அதற்கென உலகப் படம் ஒன்றைப் புதிதாக ஆக்குவோர் முதலில் நாடுவது உயர அளவைத் தரவுகளையே. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்களில் ரேடார் கொண்டு உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை அளந்தது. அவ்வளவைகள் இன்று எவருக்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு பாகை நீளமும் ஒரு பாகை அகலமும் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் 3601-க்கு 3601 புள்ளிகள், ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒன்றாக அமைந்துள்ளன. பலமனேர் 79-ஆம் தீர்க்கரேகைக்கு மேற்கிலும் சித்தூர் அதற்குக் கிழக்கிலும் இருப்பதால், இவ்வொரு மலையேற்றத்துக்கே இரு கட்டங்களை ஒட்ட வேண்டியிருக்கிறது! ரேடார் காட்டின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதால், கௌண்டின்யா வனப்பகுதி போன்ற இடங்களில் மரங்களின் உயரமும் ஓரளவு சேர்ந்துவிடும் என்பதை நினைவிற்கொள்க.

இடர்ப்பாடு சுருக்கும்போதே தோன்றுகிறது. உலகம் முழுவதும் 5632 புள்ளி அகலத்தில் அடக்கப்படின், நிலநடுக்கோட்டில் ஒரு புள்ளி 7 கிலோமீட்டருக்குச் சமம். சித்தூருக்கும் பலமனேருக்கும் இடையே ஐந்தாறு புள்ளிகளே எஞ்சும். உயரத்தைக் குறிக்கும் சாம்பல் நிறப் படத்தில் 256 படிகளே இருக்குமாயின், எவரெஸ்ட் வரை அவற்றைப் பங்கிடும்போது ஒரு படி ஏறக்குறைய 35 மீட்டராகிறது. கணவாயின் ஏற்றமெல்லாம் பதினொரு படிகளில் முடிந்துவிடும். கடலாழத்துக்கும் பங்கு ஒதுக்கினால் அதுவும் குறையும். தென்னாட்டை மட்டும் படமாக்கி, உச்ச வரம்பை 1300 மீட்டராக வைத்தால் எழுபதுக்கு மேற்பட்ட படிகள் கிடைக்கும். அவ்வரம்பைத் தாண்டும் நீலகிரி போன்ற சிகரங்கள் தட்டையாகும். இப்போரைப் பொறுத்தவரை அது பெரிய நட்டமன்று.

மாகாணப் படத்தின் இயல்பு வேறு. அதில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு தனி நிறம் உண்டு. உயரப் படத்தைச் சுருக்கும்போது அண்டைப் புள்ளிகளைச் சராசரி காண்பது நன்று. மாகாணப் படத்தில் அவ்வாறு செய்தால் எல்லைகளில் கலப்பு நிறங்கள் பிறந்து, பெயரற்ற மாகாணங்களாகிவிடும். ஆகவே அங்கு அருகிலுள்ள புள்ளியின் நிறத்தை அப்படியே எடுத்தாள வேண்டும். இருவகை வேலைகளையும் கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் செய்யலாம். இந்தியாவின் எல்லையை மட்டும் சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்டுள்ள படத்தின்படியே இடுதல் வேண்டும். அயல்நாட்டுத் தரவுகள் பல அதனோடு ஒத்திருப்பதில்லை.

இத்தனைக்குப் பின்னும் மலை கண்ணுக்குத் தெரியுமேயன்றிப் படையைத் தடுக்காது. ஏனெனில் பல விளையாட்டுகளில் நடமாட்டத்தை நிர்ணயிப்பது உயரப் படமன்று; எந்த மாகாணம் எதனோடு அடுத்துள்ளது என்னும் பட்டியலே. மலைவிளிம்பு முழுவதையும் கடக்கவியலாத எல்லையாகக் குறித்து, கணவாய்களில் மட்டும் வாயில் விடுவது முறை. மொகிலியை மாத்திரம் திறந்து ஆம்பூர்ப் பக்கத்தை அடைத்துவிட்டால், திப்புவின் பக்கம் ஆடுபவருக்குப் பகைவன் வரும் வழி குறித்து ஐயமே எழாது. காரன்வாலிசின் பாவனைக்கும் அங்கு இடமிராது.