ஏரிக்கு வரும் பருந்துகளும் வயல் எலியும்

கார்த்திகை, மார்கழியில் ஏரி நிரம்பிக் கிடக்கும்போது கரைமேல் நின்று பாருங்கள். மேய்ந்து கொண்டிருக்கும் நாமக்கோழிக் கூட்டம் திடீரென்று நெருக்கியடித்துக்கொண்டு நீர்மேல் ஓடும். உடனே அண்ணாந்து பார்க்க வேண்டும். கோரைக்கு மேலே தாழ்வாக, இறக்கைகளைச் சற்று மேல்நோக்கி விரித்தபடி மிதந்து வருவது சேற்றுப் பூனைப்பருந்து. பெட்டை கரும்பழுப்பு நிறம், தலை மட்டும் வெளுத்திருக்கும். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் இப்பறவை, கோடை தொடங்கும்போது திரும்பிவிடுகிறது.

அரியலூர் மாவட்டத்தில், 2024-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட கரைவெட்டி ஏரி பெரிய ஏரிகளில் ஒன்று. இதன் நீரைக் கொண்டு நெல், கரும்பு, பருத்தி சாகுபடி நடைபெறுகிறது. இங்கு விராலடிப்பானும் வருகிறது. வெள்ளை வயிறு, கண்ணின் குறுக்கே கரும்பட்டை என்பன அடையாளம். காலை முன்நீட்டி நீரில் பாய்ந்து மீனைப் பற்றும். பாதத்தின் அடியில் முட்கள் போன்ற சொரசொரப்பு இருப்பதால் மீன் வழுக்குவதில்லை. தூக்கிச் செல்லும்போது மீனின் தலையை முன்பக்கமாகத் திருப்பிக்கொள்ளும். மீன் குத்தகைதாரர்கள் இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஒரு பறவை நாளொன்றுக்குத் தின்பது சுமார் 300 கிராம் மீன்தான். நீர்க்காகக் கூட்டம் தின்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு கணக்கே அல்ல! பருந்துகளைச் சுடுவதும் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

ஆயக்கட்டு விவசாயிகளுக்கு நேரடியாக உதவுவது கருந்தோள் பருந்து. காக்கையைவிடச் சிறியது, சாம்பல் கலந்த வெண்மை உடல், கருத்த தோள், சிவந்த கண். வயலுக்கு மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, எலியைக் கண்டதும் விழுந்து பிடிக்கும். பகலில் இது, இரவில் கூகை.

ஆனால் நாம் வைக்கும் நஞ்சு இவற்றின் வயிற்றுக்கும் போகிறது. புரோமோடயலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் சோர்ந்து வரப்பில் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் பருந்துக்கும் ஆந்தைக்கும் அந்த நஞ்சு சேருகிறது. துத்தநாக பாஸ்பைடு விரைவில் கொல்லும் என்றாலும், செத்த எலியின் வயிற்றில் மருந்து மிச்சமிருக்கும். எனவே எந்த மருந்து வைத்தாலும், மறுநாள் முதல் தினமும் விடியற்காலையில் வயலைச் சுற்றிவந்து, செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். ஏரியிலோ வாய்க்காலிலோ வீசக்கூடாது. நடவுக்கு முன்பே வரப்பைச் சிறுத்து, ஊரே சேர்ந்து வளை தோண்டிப் பிடித்துவிட்டால் மருந்துக்கு அவ்வளவு தேவை இராது. ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்து வயல் எலி இங்கே குடியேறிவிடும்.

நட்ட வயலில் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை, 'டி' எழுத்து வடிவில் குச்சிகளைப் பயிருக்கு மேலே தெரியும்படி ஊன்றலாம். மூங்கிலோ சவுக்கோ போதும். இவற்றில் அமர்ந்துதான் பருந்தும் ஆந்தையும் எலிக்குக் காத்திருக்கும். கதிர் பால் பிடிக்கும் முன் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் குருவிகள் அவற்றில் வந்து உட்கார்ந்துவிடும்.