வெள்ளியைப் பெருக்காதீர்கள்!

"உன் மகனுக்கு சிங்கப்பூர்ல எட்டாயிரத்து ஐநூறு வெள்ளி சம்பளமாமே! நம்ம பணத்துக்கு மாசம் அஞ்சு லட்சத்துக்கு மேல வருதே!" 2024இல் கொப்புடையம்மன் கோவில் வாசலில் ஓர் ஆச்சி என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் டாலர் என்று சொல்ல மாட்டோம், வெள்ளிதான். அன்றைக்கு ஒரு வெள்ளி 63 ரூபாய். நானும் அதற்கு முதல் நாளே பெருக்கிப் பார்த்து, 5,35,500 ரூபாய் என்று பூரித்துப் போனவள்தான்.

சென்னைக்குப் போனால் மருமகள் முகத்தில் சிரிப்பையே காணோம். பேரனின் ரஃப் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பெருக்காதீங்க அத்தை, கழிச்சுப் பாருங்க" என்றாள்.

இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டுக்கு அவர்களிடம் சொன்ன வாடகை 3,000 வெள்ளி. மளிகை, காய்கறி, பாலுக்கு 1,000. கரண்டு, தண்ணீர், கேஸ் 200. பஸ், ரயில் 300. போன், நெட் 100. அரசுப் பள்ளியில் அந்த ஊர்ப் பிள்ளைகள் போக மிச்ச இடம் இருந்தால்தான் நம் பிள்ளைக்கு என்பதால், பெரியவனுக்கு இந்தியப் பாடத்திட்டப் பள்ளி என்று 1,400 போட்டிருந்தாள். நாலு வயசுச் சின்னவளுக்கு பாலர் பள்ளி 1,300. வெளிநாட்டவருக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் சலுகைக் கட்டணம் கிடையாது. அதனால் இன்ஷூரன்ஸ் 300. வருமான வரிக்கு 400. கூட்டினால் 8,000. மிச்சம் 500 வெள்ளி!

அதோடு போச்சா? சென்னை ஃபிளாட்டுக்கு மாதம் 45,000 ரூபாய் தவணை. அதை மருமகளின் 60,000 சம்பளத்தில்தான் கட்டி வந்தார்கள். கணவரோடு துணையாகப் போகிற பெண் 2021 மே மாதத்துக்குப் பிறகு அங்கே தனக்கென்று தனி வேலை அனுமதி வாங்கினால்தான் வேலைக்குப் போக முடியும். ஆக அவள் சம்பளம் நின்றுவிடும். ஃபிளாட்டை வாடகைக்கு விட்டால் 22,000 வரும். மீதி 23,000, அதாவது 365 வெள்ளி, இவன் அனுப்ப வேண்டும். கடைசியில் நின்றது 135 வெள்ளி. நாலு பேர் ஊருக்கு வந்து போக டிக்கெட்? அதற்கு நோட்டில் இடமே இல்லை.

எனக்கு வாய் அடைத்துப் போனது. எங்கள் மாமனார் சின்ன வயதிலேயே பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர். அந்தக் காலத்தில் மூன்று வருஷத்துக்குச் சம்பளச்சீட்டு எழுதிப் போவார்கள். சாப்பாடு கடைச் செலவில். படுக்கை, கணக்கு எழுதுவது எல்லாம் மார்க்கெட் தெரு கிட்டங்கியில், ஒரு பெட்டி, ஒரு பாய் போடுகிற இடத்தில். பெண்டு பிள்ளைகள் எல்லாம் இங்கே. அதனால்தான் சம்பளம் முழுசாக ஊர் வந்து சேர்ந்தது. நாமோ அந்தக் கணக்கையே மனசில் வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு போய் வாடகை கொடுக்கிற பிள்ளைக்கும் போட்டுப் பார்க்கிறோம்.

"அப்ப நான் மட்டும் போறேம்மா. ரூம்ல ஆயிரம் வெள்ளிக்குள்ள இருந்துக்கலாம். மிச்சம் நல்லா நிக்கும்" என்றான் மகன். பணக்கணக்குக்கு அது சரிதான். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் மாமியார் வளவில் உட்கார்ந்து, "எம் மூத்தவன் அவுக அப்பச்சியைப் பார்த்துட்டு யாரோ ஆளுன்னு அழுதுக்கிட்டு ஓடுனான்" என்று எத்தனையோ முறை சொல்லிக் கேட்டவள் நான். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனாலும் தொண்டை கட்டிக்கொள்ளும். அந்த மூத்தவன்தான் என் கணவர்.

பிறகு மருமகளே வழி சொன்னாள். அந்த நோட்டுக் கணக்கை மகன் நாகரிகமாக எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினான். கேட்டால் வேலையே போய்விடுமோ என்று நான் பயந்தேன். அவர்கள் வீட்டு வாடகைக்கென்று 1,200 வெள்ளி கூட்டினார்கள். போகிற டிக்கெட்டும் கொடுத்தார்கள். "அதுக்கும் வரி உண்டு" என்று நோட்டில் 400ஐ 540 ஆக்கினாள் அவள்.

2025 ஜனவரியில் கிளம்பினார்கள். முதல் சம்பளம் வருவதற்கு முன்னாலேயே இரண்டு மாத வாடகை அட்வான்ஸ், முதல் மாத வாடகை, ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி என்று 9,000 வெள்ளிக்கு மேல் வைக்க வேண்டியிருந்தது. என் இரட்டைவடச் சங்கிலியை பாங்கில் வைத்துத்தான் சமாளித்தோம். புறப்படுகிற தோழிகள் இந்தப் பணத்தை முதலில் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, வரி. அங்கே மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பதில்லை. அடுத்த வருஷம் மொத்தமாக பில் வரும். எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன், கைக்கு வந்ததெல்லாம் தன்னுடையது என்று செலவு செய்துவிட்டு, பில் வந்த அன்று கடன் வாங்க ஓடினான். மருமகள் ஒண்ணாந் தேதியே 540 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவாள். எங்களைக் கல்யாணமானதும் ஒரே வீட்டுக்குள் வேறு வைத்து, வருஷத்துக்கு நெல்லும் பருப்பும் அளந்து கொடுத்து, "இதுக்குள்ள நடத்து" என்று சொன்ன மாமியார் இருந்திருந்தால் இவளை மெச்சியிருப்பார்.

கணக்கு அப்படியே நடந்ததா என்றால் இல்லை. மளிகை நினைத்ததைவிடக் குறைந்தது. மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, வற்றல் எல்லாம் இங்கிருந்து போகிறது. காய்க்கு தேக்கா மார்க்கெட் இருக்கிறது. ஓட்டலில் உட்கார்ந்தால்தான் கை கடிக்கிறது. எதை வாங்கினாலும் 9 சதவீத வரி வேறு. சின்னவளுக்கு முதல் ஆறு மாதத்தில் நாலு தடவை காய்ச்சல். டாக்டர் செலவை நாங்கள் யாரும் சரியாகப் போடவில்லை. கார் ஆசையை மகன் விட்டுவிட்டான். கார் வைத்துக்கொள்ள அரசு தருகிற பத்து வருஷ உரிமைச் சீட்டே 2023இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊர் அது!

மருமகளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அதைப் பற்றிப் போனில் அதிகம் பேச மாட்டாள். நானும் கிளறுவதில்லை. பதினாலாவது மாதம் சங்கிலியை மீட்கப் பணம் அனுப்பினாள். இப்போது அந்த ரஃப் நோட்டில் 'ஊர் டிக்கெட்' என்று ஒரு புதுப் பக்கம் போட்டிருக்கிறாளாம். பேத்தி போனில் சொன்னாள்.

- ஒரு வாசகி, காரைக்குடி