பொரிச்சோளம்

பொரிச்சோளம் என்பது சூடாக்கும்போது வெடித்து மலரும் இயல்புடைய ஒரு மக்காச்சோள வகை ஆகும். பேச்சு வழக்கில் இதன் மணியையும் பொரியையும் பாப்கார்ன் என்றே அழைப்பர். தமிழ்நாட்டில் வெறுமனே சோளம் என்றால் அது வேறொரு தானியம். இலங்கையிலோ அச்சொல் மக்காச்சோளத்தைக் குறிக்கும். இதனால் சோளப்பொரி என்ற சொல்லும் இருபொருள் தருகிறது. இக்கட்டுரை மக்காச்சோளப் பொரியை மட்டுமே பற்றியது.

பொரிச்சோளத்தை வீட்டுத் தோட்டத்தில் எளிதாக விளைவிக்கலாம். விளைந்த மணியைப் பொரியும் பக்குவத்தில் வைத்துக் காப்பதே கடினம். ஆரோவில் முதல் மரக்காணம் உப்பளங்கள் வரையுள்ள கடற்கரை போன்ற ஈரக்காற்று மிகுந்த பகுதிகளில் இக்கடினம் இன்னும் கூடும்.

பொரியும் விதம்

மணியின் வெளித்தோல் கெட்டியானது. ஆவியை எளிதில் வெளியே விடாது. உள்ளே இறுகிய மாப்பொருளும் அதனிடையே சிறிதளவு நீரும் உள்ளன. சூடேறும்போது நீர் ஆவியாக முயன்று, தோலுக்குள் அடைபட்டு, அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்காகிறது. சுமார் 180 பாகை செல்சியஸில் தோல் கிழிய, குழைந்திருந்த மாவு நுரைத்து விரிந்து உடனே குளிர்ந்து இறுகுகிறது. இவ்வெப்பநிலையைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்களான விரோ, பொனோமரென்கோ ஆகிய இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் உறுதிப்படுத்தினர்.

எனவே பொரிவதற்கு வேண்டியவை இரண்டு: ஓட்டையில்லாத தோல், சரியான அளவு நீர். மணியின் எடையில் 13.5 முதல் 14 விழுக்காடு வரை நீர் இருப்பது மிகவும் ஏற்றது. குறைந்தால் அழுத்தம் போதாமல் மணி பொரியாது நின்றுவிடும். கூடினால் பொரி சிறுத்து, மெல்லும்போது சவ்வாக இருக்கும். கார்த்திகை தீபத்திற்குச் செய்யும் நெற்பொரியும் இதே தத்துவத்தில்தான் பொரிகிறது. அங்கே உமி சேர்ந்து ஆவியை அடைத்து வைக்கிறது.

வரலாறு

மக்காச்சோளம் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் பயிராக்கப்பட்டது. பெரு நாட்டுக் கடற்கரையில் சுமார் 6,700 ஆண்டுகள் பழமையான கதிர்த் தக்கைகள் கிடைத்துள்ளன. அம்மக்கள் சோளத்தைப் பொரித்தும் உண்டனர் என 2012இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அது பாலைவனக் கடற்கரை என்பதாலேயே அவை மட்காமல் தப்பின. இந்தியாவில் வெளியிடப்பட்ட பொரிச்சோள இரகங்களுள் அம்பர் பாப்கார்ன், வி.எல். அம்பர் பாப்கார்ன், பேர்ல் பாப்கார்ன் ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

நிலமும் பருவமும்

1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில், புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டு நிலத்தில் அமைந்துள்ளது. அன்று மழைநீர் அரித்துப் பள்ளங்களான வெட்டவெளியாக இருந்த அந்நிலம், வரப்புகள் அமைத்தும் மரங்கள் நட்டும் மீட்கப்பட்டது. இத்தகைய செம்மண்ணில் நீர் தேங்காது. மட்கிய எரு சேர்த்தால் மக்காச்சோளத்திற்கு ஏற்றது. வடக்கே கழுவேலி ஏரியின் ஓரங்களும் மரக்காணம் உப்பளங்களை அடுத்த நிலங்களும் அவ்வாறல்ல. மக்காச்சோளம் உப்பை அவ்வளவாகத் தாங்காத பயிர். மண்கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.7 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். கிணற்று நீர் நாக்கில் கரித்தால் அங்கு இப்பயிரை இடாதிருப்பதே நல்லது.

ஆடிப்பட்டத்தில் விதைத்தால் கதிர் முற்றும் வேளை வடகிழக்குப் பருவமழையில் சிக்கும். பச்சைக் கதிராகப் பறித்து அவித்து உண்ணும் சோளத்திற்கு அதனால் பெரிய கேடில்லை. செடியிலேயே காய வேண்டிய பொரிச்சோளமோ பூசணம் பிடிக்கும், சில வேளைகளில் கதிரிலேயே முளைத்தும் விடும். ஆகவே பாசன வசதி உள்ளோர் தைப்பட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தையில் விதைத்தது சித்திரை, வைகாசி வெயிலில் முற்றிக் காயும். பாத்திகளில் உப்பு விளைவதும் இதே வெயிலில்தான்.

பயிரிடல்

வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் இடைவெளியில், 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும். கதிர் நுனியில் தொங்கும் பட்டிழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்குரியது. அதன்மேல் மகரந்தம் விழாவிட்டால் அம்மணி உருவாகாது. மகரந்தத்தைக் காற்றே கொண்டு சேர்ப்பதால், வேலியோரம் ஒற்றை வரிசையாக நட்டால் பொக்கைக் கதிர்களே மிஞ்சும். குறைந்தது நான்கு குட்டை வரிசைகளாகச் சதுரப் பாத்தியில் நடுவது நன்று.

அருகில் வேறு மக்காச்சோளம் இருந்தால் அதன் மகரந்தம் கலந்து பொரியும் தன்மை குறையக்கூடும். 200 மீட்டர் இடைவெளி வீட்டுத் தோட்டத்தில் இயலாது. விதைப்பை மூன்று, நான்கு வாரங்கள் தள்ளி வைத்தால் பூக்கும் காலம் வேறுபடும்.

2018இல் இந்தியாவிற்குள் நுழைந்த படைப்புழுவே இன்று முதன்மைப் பகை. குருத்தில் வரிசையான துளைகளும் மரத்தூள் போன்ற எச்சமும் இதன் அடையாளங்கள். சிறு தோட்டத்தில் காலையில் குருத்தைப் பார்த்துப் புழுவைக் கையால் எடுத்துவிடலாம். கதிருக்குள் புகுந்துவிட்டால் மணியின் தோல் கெடும். தோல் கெட்ட மணி பொரியாது.

அறுவடையும் உலர்த்தலும்

விதைத்து 90 முதல் 110 நாட்களில் கதிரின் மேலுறை வைக்கோல் நிறமாகும். மணியின் அடியில் கரும்படலம் தோன்றியிருந்தால் அது முற்றிவிட்டது எனலாம். நகம் பதியாத அளவு கடினமான பின் கதிரை ஒடித்து, மேலுறையை உரித்து, வலைப்பையில் காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரங்கள் தொங்கவிட வேண்டும். மொட்டை மாடி வெயிலில் நெல்லைப் போல் பரப்புவது கூடாது. தோல் வெடிப்பதுடன் ஈரமும் அளவுக்கு மீறி வற்றிவிடும். பூசணம் பிடித்த கதிர்களில் நச்சுப்பொருள்கள் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை நீக்கிவிட வேண்டும்.

ஈரத்தை அளக்கச் சிறந்த கருவி அடுப்பே. சில நாட்களுக்கு ஒருமுறை இருபது மணிகளைப் பொரித்துப் பார்த்து, பெரும்பாலானவை நன்கு மலரும் நாளில் உதிர்த்து அடைத்துவிட வேண்டும். தராசும் உதவும்: 18 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கிலோ மணி 14 விழுக்காட்டை எட்டும்போது ஏறத்தாழ 953 கிராம் இருக்கும்.

சேமிப்பு

தானியம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், விடவும் செய்யும். 14 விழுக்காடு ஈரம் ஏறத்தாழ 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றுடன் சமநிலையில் நிற்கும். இக்கடற்கரையில் மழை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் அடிக்கடி 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆதலால் சாக்கிலோ மண்பானையிலோ வைத்த மணி ஐப்பசியில் நமத்துப் பூசணம் பிடிக்கும். இறுக மூடும் கண்ணாடிப் புட்டியே ஏற்றது. பெரிய புட்டி ஒன்றைவிடச் சிறிய புட்டிகள் பல நல்லவை. திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே புகும்.

வண்டும் அந்துப்பூச்சியும் தோட்டத்திலேயே முட்டையிட்டுவிடுவதுண்டு. புட்டியை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தால் அவை மடியும். வெளியே எடுத்தபின் அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்கலாகாது. திறந்தால் குளிர்ந்த மணிமீது நீர் படியும்.

காய்ந்துபோன மணியை மீட்கவும் முடியும். 12 விழுக்காட்டிற்கு இறங்கிய ஒரு கிலோவை 14 விழுக்காட்டிற்கு உயர்த்த 23 மில்லிலிட்டர் நீர் போதும். நீரைத் தெளித்து, மூடி, நாளுக்கு இருமுறை குலுக்கி, மூன்று நாட்கள் கழித்துப் பொரித்துப் பார்க்கலாம்.

விதைக்கென வைப்பதைத் தனியே பிரிக்க வேண்டும். பொரிக்க ஏற்ற ஈரம் விதைக்கு மிகை. அது விதையின் ஆயுளைக் குறைக்கும். விதை மணியை 12 விழுக்காட்டிற்கும் கீழே உலர்த்துவர். காற்றுப்புகாப் புட்டியில் அடைப்பதாயின் 8 விழுக்காடு வரை உலர்த்த வேண்டும். ஈரம் ஒரு விழுக்காடு குறைய ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதை சேமிப்பில் பயன்படும் பொது விதி. கடைகளில் கிடைக்கும் மணிகளுள் கலப்பினங்களும் இருப்பதால், அவற்றிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியை ஒத்து விளைவதில்லை.