புதுப் பெட்டி, பழைய வைரஸ்



இந்தக் கிழமை எபிசோடின் கடைசியில ஒரு கீபோர்ட் வாத்தியாரின் பென் ட்ரைவ் கதையைத் தொடங்கி, நேரம் போதாமல் பாதியில விட்டுவிட்டேன். மிச்சம் இஞ்ச.

நான் இருக்கிறது மில்லிக்கனில. ஸ்டீல்ஸ் வீதிக்கு அந்தப் பக்கம் மார்க்கம், இந்தப் பக்கம் ரொறன்ரோ. போன வருசம் ஜூலையில ஒரு சனிக்கிழமை, பின்னேரம் ஆறரை மணி இருக்கும், இரண்டு தெரு தள்ளி இருக்கிற அண்ணை ஒருவர் போன் எடுத்தார். வீட்டு பேஸ்மென்டில பிள்ளைகளுக்குக் கீபோர்ட் வகுப்பு எடுக்கிறவர். கோயில், கலியாண வீடு, அரங்கேற்றம் எண்டு வாசிக்கவும் போறவர்.

“தம்பி, புதுக் கீபோர்ட் ஒண்டு எடுத்தனான். சீல் உடைக்காத பெட்டி. அதுக்குள்ள வந்த பென் ட்ரைவைக் குத்தினா கொம்பியூட்டர் வைரஸ் எண்டு கத்துது. கொம்பனிக்காரனே வைரஸ் போட்டு அனுப்பியிருக்கிறான். கடைக்காரனுக்கு ஒரு ஸ்டார்தான். இப்பவே எழுதப்போறன்.”

“அண்ணை, எழுதுங்கோ, ஆனா அனுப்பாதேங்கோ. ட்ரைவைக் கழட்டி மேசையில வையுங்கோ. வாறன்.”

உண்மையைச் சொன்னால், போற வழியில நானும் கொம்பனியைத்தான் சந்தேகப்பட்டேன். அப்பிடிச் சந்தேகப்படக் காரணம் இருக்கு. 2005இல் கிரியேட்டிவ் நிறுவனம் ஜப்பானில விற்ற ஜென் நியோன் எம்பி3 பிளேயர்களில் சுமார் 3,700க்குள் வுல்லிக் எண்ட வேர்ம் இருந்தது. அடுத்த வருசம் ஒக்டோபரில அப்பிளின் முறை. செப்டெம்பர் 12க்குப் பிறகு வாங்கின வீடியோ ஐபொட்களில் ஒரு வீதத்துக்கும் குறைவானவற்றில் விண்டோஸ் வைரஸ் ஒண்டு போயிருக்கு எண்டு அவர்களே ஒத்துக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்கிற அதே அறிக்கையில, இப்பிடியான வைரஸுகளைத் தாங்க மாட்டாத விண்டோஸுக்கும் ஒரு குத்துக் குத்தினார்கள். அப்பிள் அப்பிள்தானே.

அதுக்குப் பிறகும் நிக்கேல்லை. 2017இல் ஐபிஎம் தன்ர ஸ்டோர்வைஸ் சேமிப்பகங்களோட அனுப்பின யூஎஸ்பிகள் சிலவற்றில் வைரஸ் இருக்கு எண்டு அறிவிச்சு, அந்த ட்ரைவை உடைச்சு எறியுங்கோ எண்டு வாடிக்கையாளருக்குச் சொன்னது. அடுத்த வருசம் ஷ்னைடர் எலக்ட்ரிக் தன்ர சூரியசக்திக் கருவிகளோட போன ட்ரைவுகளுக்கு இதே மாதிரி எச்சரிக்கை விட்டது.

எனக்குப் பிடிச்சது தாய்வான் கதை. 2017 டிசம்பரில அங்க ஒரு தகவல் பாதுகாப்புக் கண்காட்சி. சைபர் பாதுகாப்பு வினாடிவினாவில வென்ற ஆக்களுக்குப் பொலிசின் குற்றப் புலனாய்வுப் பிரிவு 250 பென் ட்ரைவ் பரிசு குடுத்தது. அதில 54இல் வைரஸ்! விசாரிச்சுப் பார்த்தால், ட்ரைவுகளைத் தயார் பண்ணின ஒப்பந்த நிறுவனத்தில ஒரு ஊழியர் அவற்றின் கொள்ளளவைச் சோதிக்கத் தன்ர கொம்பியூட்டரில குத்தியிருக்கிறார். அந்த மெஷினில வைரஸ் இருந்திருக்கு. அவ்வளவுதான்.

அப்பிளின் விஷயமும் அதேதான். ஐபொட் விண்டோஸோட ஒழுங்கா வேலை செய்யுதா எண்டு பார்க்கிற ஒரு சோதனை மெஷினால வந்தது. ஒருவரும் வேணுமெண்டு போடேல்லை. தொட்ட மெஷினில நோய் இருந்தது, ஒட்டிப் போட்டுது. அந்த நாளில யூஎஸ்பியைக் குத்தினாலே விண்டோஸ் உள்ளே இருக்கிறதை ஓட்டப் பார்க்கும். 2009இல் வந்த விண்டோஸ் 7தான் அந்தப் பழக்கத்தை விட்டது. பழைய எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011 பெப்ரவரியிலதான் அப்டேட்டாகப் போனது.

சரி, அண்ணையின் வீடு. தேத்தண்ணியும் வடையும் வந்தது (இந்தக் கொன்ட்ராக்டுக்கு இதுதான் பில்). பெட்டிக்குள்ள ஒரு துண்டும் இருந்தது. மென்பொருள் இன்ஸ்டோல் ஆகேல்லை எண்டால் ஆன்டிவைரஸை நிற்பாட்டிப்போட்டு முயற்சி செய்யுங்கோ எண்டு அதில அச்சடிச்சிருக்கு. அண்ணை அதைத்தான் முதல் செய்யப் போயிருக்கிறார். மகள் விடேல்லை.

இந்த வசனம் எனக்கு ஆத்திரம் தரும் வசனம். ஆனால் அது ஏன் எழுதப்படுது எண்டும் விளங்கும். சங்கீதக் கருவி செய்யிற கொம்பனிகள் பல சின்னவை. அவையின்ர இன்ஸ்டோலருக்கு முறையான டிஜிட்டல் கையொப்பம் இருக்காது. களவாகப் பிரதி எடுக்கிறதைத் தடுக்கப் போடுற பூட்டு, வைரஸ் தன்னை ஒளிக்கிற மாதிரியே ஆன்டிவைரஸுக்குத் தெரியும். சவுண்ட் நூலகங்களும் பெரிசு. ஒம்னிஸ்பியர் மாதிரி ஒண்டு 60 ஜிபியைத் தாண்டும். அதால ட்ரைவில போட்டே குடுக்கிறாங்கள். ஆகவே புதுக் கருவியோட வாற எச்சரிக்கைகளில கனக்க வெறும் சத்தம்தான். எனக்கு வாற போன்களும் பெரும்பாலும் அப்பிடி.

வெறும் சத்தமா இல்லையா எண்டு அறிய, முதலில என்ன வசனம் வந்தது எண்டு பாருங்கோ. நீல நிறத்தில பெரிய பெட்டி வந்து, இந்த வெளியீட்டாளரைத் தெரியாது எண்டு சொன்னால் அது ஸ்மார்ட்ஸ்கிரீன். புதுசாகத் தெருவுக்கு வந்தவரைப் பார்த்து ‘ஆரிது?’ எண்டு கேட்கிற மாதிரி. கள்ளன் எண்டு அது சொல்லேல்லை. டிபெண்டர் ஒரு பெயரோட எச்சரிக்கை தந்தால் அந்தப் பெயரை எழுதி வையுங்கோ. பெயரின் கடைசியில ஆச்சரியக்குறி போட்டு ‘எம்எல்’ எண்டு இருந்தால், இயந்திரக் கற்றல் போட்ட ஊகம் அது, பிழைக்கவும் கூடும். அப்ப அந்த இன்ஸ்டோலரை மட்டும் வைரஸ்டோட்டலில ஏத்தினால் ஐம்பது அறுபது ஆன்டிவைரஸுகளின் கருத்து ஒரு நிமிஷத்தில வரும். உங்கட சொந்தக் கோப்புகளை அங்க ஏத்தாதேங்கோ.

அண்ணையின் மகள் கெட்டிக்காரி, திரையைப் போனில படம் எடுத்து வைச்சிருந்தா. நீலப் பெட்டி இல்லை, எம்எல்லும் இல்லை. ‘வேர்ம்: வின்32/கமரூ’ எண்டு தெளிவாகக் குடும்பப் பெயரே இருக்கு. யூஎஸ்பியால பரவுறதெண்டே பேர் எடுத்த குடும்பம். அப்ப இது வெறும் சத்தமில்லை.

என்னட்ட இதுக்கெண்டே ஒரு பழைய லப்டொப் இருக்கு. லினக்ஸ், இன்டர்நெட் இல்லை, உள்ளே இழக்க ஒண்டும் இல்லை. அதில ட்ரைவைக் குத்தினேன். விண்டோஸில திறந்தால் ட்ரைவின் பெயரிலேயே ஒரேயொரு ஷோர்ட்கட்தான் தெரியும். அதைக் கிளிக் பண்ணினால் வழமையான கோப்புகள் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். ஒரு வித்தியாசமும் தெரியாது. விண்டோஸுக்கு ‘மறை’ எண்டு குறிச்சு வைக்கிறதை லினக்ஸ் கணக்கிலெடுக்கிறதில்லை. அதில எல்லாம் வெட்டவெளிச்சம். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள கொம்பனியின் ஃபோல்டர்கள் எல்லாம்.

பிறகு திகதிகளைப் பார்த்தேன். கொம்பனியின் கோப்புகள் எல்லாம் இரண்டு வருசத்துக்கு முந்தினவை. ஷோர்ட்கட்டின் திகதி? ஞாயிற்றுக்கிழமை விடியப்பறம் 2.52.

நான் பார்த்துக்கொண்டு இருக்கிறது சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு!

முதலில, வைரஸ் போட்ட பொய்த் திகதி எண்டு நினைச்சேன். அப்பிடிச் செய்யிற வைரஸுகளும் உண்டு. ஆனால் பொய் சொல்லுறது ஏன் ஏழு மணித்தியாலம் முன்னுக்குப் போய்ச் சொல்லுது? இந்தச் சின்ன ட்ரைவுகள் பெரும்பாலும் ஃபாட்32 முறையில இருக்கும். அந்த முறை நேரத்தை எழுதும்போது எந்த ஊர் நேரம் எண்டு எழுதாது. குத்தின மெஷினின் மணிக்கூடு என்ன காட்டுதோ அதை அப்பிடியே எழுதும். கோடைகாலத்தில ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். 2.52இல் இருந்து ஒன்பதரையைக் கழிச்சால் சனிக்கிழமை பின்னேரம் 5.22.

“அண்ணை, இண்டைக்கு அஞ்சரை மணி போல இந்த ட்ரைவை எங்க குத்தினனீங்கள்?”

“மேல, மகளின்ர கொம்பியூட்டரிலதான். ஆனா அது ஆறு மணிக்குப் பிறகு.”

“அதுக்கு முதல்?”

கொஞ்சம் யோசிச்சார். நாலு மணிக்கு வகுப்பு. பிள்ளைகள் புதுக் கீபோர்டைப் பார்க்கோணும் எண்டு நிண்டிருக்கினம். பெட்டியை அங்கேயே உடைச்சு, ட்ரைவில இருந்த ரிதம்களைப் போட்டுக்காட்ட வகுப்பு லப்டொப்பில குத்தியிருக்கிறார். அந்த லப்டொப் 2019இல் ஊருக்குப் போனபோது மருமகன் குடுத்தது. விண்டோஸ் 7. மைக்ரோசொப்ட் அதைக் கைவிட்டது 2020 ஜனவரி 14. மூலையில இருந்த மணிக்கூட்டைத் திறந்து பார்த்தேன், நேர வலயம் இன்னும் ‘ஸ்ரீ ஜெயவர்தனபுர’.

“சுவரில மணிக்கூடு இருக்குத் தம்பி, லப்டொப்பில ஆர் நேரம் பார்க்கிறது?” எண்டார்.

பெட்டிக்குள்ள வந்தபோது ட்ரைவ் சுத்தம். நோய் பேஸ்மென்டில இருந்தது. புதுக் கொம்பியூட்டருக்கு டிபெண்டர் இருந்தபடியால அது கத்தினது. பழையது ஊமை. கத்தினது புது ட்ரைவைப் பார்த்து எண்டதால பழியும் அதின்ர தலையில விழப் பார்த்தது. தாய்வானில கொள்ளளவு சோதிச்ச ஊழியரும் எங்கட அண்ணையும் செய்தது ஒண்டுதான்.

“இது பழைய வைரஸ்தானே, செத்துப்போயிருக்கும்” எண்டு மகள் கேட்டா. நல்ல கேள்வி. கமரூவுக்கு இன்னொரு பெயர் அன்ட்ரோமெடா. அதின்ர வலையமைப்பை 2017 நவம்பர் 29இல் யூரோபோலும் எஃப்பிஐயும் சேர்ந்து உடைச்சவை. ஆனால் தொற்றின ட்ரைவுகள் மேசை லாச்சிகளுக்குள்ள அப்பிடியே கிடந்தன. அன்ட்ரோமெடா பாவிச்ச இணைய முகவரிகள் காலாவதியாக, 2022இல் ரஷ்யாவோட தொடர்புபடுத்தப்படுற துர்லா குழு அவற்றைத் தன்ர பேரில பதிஞ்சு, பழைய தொற்று இருந்த உக்ரைன் கொம்பியூட்டர்களுக்குள்ள போனது எண்டு மன்டியன்ட் 2023 ஜனவரியில அறிக்கை விட்டது. எங்கட பேஸ்மென்டுக்குத் துர்லா வராது, அது வேற கதை. ஆனால் கமரூ கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு மற்ற வைரஸுகளை இறக்குற சாமான். வகுப்புக் காசு இன்டராக்கில வாற மெயிலும் அந்த லப்டொப்பிலதான் திறந்து கிடக்குது. அண்ணை அங்கேயே நிண்டு தன்ர போனில மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாத்தினார். அந்த லப்டொப்பில வைச்சு மாத்தியிருந்தால் புதுப் பாஸ்வேர்டையும் களவுகுடுக்கிற வேலை.

லப்டொப்பை முழுக்க அழிச்சு லினக்ஸ் போட்டுக்குடுத்தேன். பாட்டுகள், நொட்டேஷன் படங்களை மட்டும் எடுத்து வைச்சோம், ஓடக்கூடிய கோப்பு ஒண்டையும் எடுக்கேல்லை. கீபோர்டின் மென்பொருளைக் கொம்பனியின் தளத்தில இருந்து இறக்கினோம். அதில ட்ரைவில இருந்ததை விடப் புதுப் பதிப்பு இருந்தது. எந்தக் கருவி வாங்கினாலும் இப்பிடித்தான் செய்யிறது நல்லம், பெட்டி ட்ரைவைத் தொடவே தேவையில்லை.

இவ்வளவும் லேசு. கஷ்டம் பிறகுதான் வந்தது.

அந்த வகுப்பில 14 பிள்ளைகள். வீட்டில பழக எண்டு பாட்டுகளைப் பென் ட்ரைவில ஏத்திக்கொண்டு போறவை. அதை வீட்டில அம்மா அப்பாவின் கொம்பியூட்டரில குத்துவினம். அதில ஆஸ்பத்திரி வேலை செய்யிறவையும் இருக்கினம், வீட்டில இருந்து கணக்கு வேலை செய்யிறவையும் இருக்கினம்.

“பெற்றோரின்ர வட்ஸ்அப் குரூப்பில போடோணும் அண்ணை.”

கனநேரம் கதைக்கேல்லை. “என்ர வகுப்பால உங்கட வீட்டுக்கு வைரஸ் வந்திருக்கெண்டு எப்பிடித் தம்பி எழுதுறது? நாளைக்கு ஆர் பிள்ளையை அனுப்புவினம்?”

கீபோர்ட் கொம்பனியின் பிழை எண்டு போட்டுவிடலாமோ எண்டும் ஒருக்கா கேட்டார். கேட்ட உடனேயே தானே தலையாட்டினார், வேண்டாம் எண்டு. கடைக்கு எழுதி வைச்ச ஒரு ஸ்டாரை என்ர முன்னாலேயே அழிச்சார். பிறகு இரண்டு பேருமாக இருந்து நாலு வரி எழுதினோம். வகுப்பு லப்டொப்பில வைரஸ் இருந்தது, அது என்ர பிழை, உங்கட பென் ட்ரைவைத் திறக்காமல் அடுத்த சனிக்கிழமை கொண்டுவாங்கோ, ஒரு தம்பி வந்து பார்ப்பார்.

அடுத்த சனி 11 ட்ரைவ் வந்தது. ஐந்தில கமரூ. ஒருவரும் வகுப்பை விட்டு நிக்கேல்லை. ஒரு அப்பா மட்டும் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டார், பிறகு தன்ர வேலையிடத்து யூஎஸ்பியையும் மெல்லப் பொக்கெற்றில இருந்து எடுத்து நீட்டினார். அதை நான் தொடேல்லை, வேலையிடத்து ஐடி ஆக்களிட்டக் குடுக்கச் சொன்னேன்.

கடைசியாக ஒரு அம்மா வந்தா. மகள் முதல்முதல் கோயிலில வாசிச்ச ஒலிப்பதிவு இந்த ட்ரைவிலதான் இருந்தது, ஒருநாள் எல்லாம் போய் ஒரு ஷோர்ட்கட் மட்டும் நிண்டது, அழிஞ்சு போச்செண்டு விட்டிட்டன், வைரஸ் இருக்கோ எண்டு மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ எண்டா. லினக்ஸ் லப்டொப்பில குத்தினேன். பெயர் இல்லாத ஃபோல்டர் இருந்தது. அதுக்குள்ள மூண்டு எம்பி3. முதலாவதை அமத்தினேன். கோயில் மணிச் சத்தத்துக்கு மேலால, கொஞ்சம் தாளம் தவறி, கீபோர்ட் தொடங்கினது.